உள்ளே விட மறுக்கும் சர்வர்: கேள்வி பதில்

லினக்ஸ் சர்வரில் நுழைய முடியாமல் திண்டாடுகிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். "லாகின் ஆகவில்லை, என்ன செய்வது?" என்ற ஒற்றை வரியாகவே பலவும் வந்திருக்கின்றன. ஜோதிடம் தெரிந்தால்தான் அவற்றுக்குப் பதில் சொல்ல முடியும். திரையில் வந்த செய்தியை எழுத்து மாறாமல் அனுப்பியவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

புதிதாக சர்வர் வாடகைக்கு எடுத்தவர்: சார், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வரில் நுழையும் வழி) மூலம் நுழையப் பார்த்தால் ஒரு நாள் 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' என்கிறது, மறுநாள் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்கிறது, இப்போது 'பெர்மிஷன் டினைட்'. எல்லாம் ஒன்றுதானே?

பதில்: இல்லை. மூன்றும் மூன்று வேறு இடங்களில் நிற்கின்றன. சொல்லப்போனால் நீங்கள் ஒவ்வொரு நாளும் சர்வருக்கு ஒரு படி நெருங்கி வந்திருக்கிறீர்கள்.

'டைம்டு அவுட்' என்றால் நீங்கள் கூப்பிட்டதற்குப் பதிலே வரவில்லை. ஐபி முகவரி தவறாக இருக்கலாம், இயந்திரம் அணைந்திருக்கலாம். பெரும்பாலும் வழியில் ஒரு ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருக்கும். கிளவுட் சர்வர் என்றால் அதன் கட்டுப்பாட்டுப் பலகத்தில் எஸ்எஸ்எச்சுக்கு உரிய வாசலான 22ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'ரெஃப்யூஸ்ட்' என்றால் பதில் வந்துவிட்டது. அந்தப் போர்ட்டில் கேட்க ஆள் இல்லை என்பதே அந்தப் பதில். எஸ்எஸ்எச் சேவை ஓடவில்லை, அல்லது வேறு போர்ட்டில் ஓடுகிறது. சில ஃபயர்வால்களும் இப்படி முகத்துக்கு நேராக மறுப்பதுண்டு.

'பெர்மிஷன் டினைட்' வந்துவிட்டால் வலையமைப்பை மறந்துவிடுங்கள். சர்வரோடு பேசி முடித்தாயிற்று, உங்களைத்தான் அது ஏற்கவில்லை. அந்தச் செய்தியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் படித்தீர்களா? அந்த சர்வர் எந்தெந்த வழிகளை ஏற்கும் என்ற பட்டியல் அது. அங்கே 'பப்ளிக்கீ' (கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிக் கோப்பைக் காட்டி நுழைவது) மட்டும் இருந்தால், நீங்கள் எத்தனை முறை முயன்றாலும் அது கடவுச்சொல்லைக் கேட்கவே கேட்காது. புதிய கிளவுட் சர்வர் என்பதால் பயனர் பெயரையும் சரிபாருங்கள். உபுண்டு இமேஜில் அது 'உபுண்டு', அமேசான் லினக்ஸில் 'ஈசி2-யூசர்'. பழக்கதோஷத்தில் 'ரூட்' (முழு அதிகாரம் கொண்ட நிர்வாகி) என்று கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் சாவியைச் சந்தேகிப்பவர்கள் உண்டு.

மென்பொருள் நிறுவனப் பயிற்சியாளர்: கடவுச்சொல் தவறானாலும், பயனரே இல்லையென்றாலும், சாவி பொருந்தாவிட்டாலும் ஒரே 'பெர்மிஷன் டினைட்'தான் வருகிறது. காரணத்தைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

பதில்: வேண்டுமென்றேதான் சொல்வதில்லை. "அந்தப் பயனர் இங்கே இல்லை" என்று சொன்னால், எந்தப் பெயர்கள் இருக்கின்றன என்று திருடன் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வான். வெளியே நிற்பவரிடம் மறைத்ததை சர்வர் தன் லாக் கோப்பில் ஒழுங்காக எழுதி வைத்திருக்கும். உள்நுழைவுச் சிக்கலில் முக்கால்வாசி வேலை அங்கேதான்.

டெபியன், உபுண்டு வகையில் 'வார்' அடைவின் 'லாக்' பிரிவில் 'ஆத்.லாக்' கோப்பு, ரெட் ஹாட் வகையில் அதே இடத்தில் 'செக்யூர்'. டெபியன் 12இல் அந்தக் கோப்பை எழுதும் ஆர்சிஸ்லாக் நிரல் தானாக நிறுவப்படுவதில்லை என்பதால் அந்தக் கோப்பே இல்லாமல் இருக்கலாம். அப்போது 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் எஸ்எஸ்எச் சேவையின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். டெபியன் வகையில் அந்தச் சேவையின் பெயர் 'எஸ்எஸ்எச்', ரெட் ஹாட் வகையில் 'எஸ்எஸ்எச்டி'.

ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருவரின் திரையில் லாகை ஓடவிட்டு, நீங்கள் வெளியிலிருந்து ஒரே ஒரு முறை முயலுங்கள். அந்த நொடியில் விழும் வரியைப் படியுங்கள். 'இன்வேலிட் யூசர்' என்றால் பெயரே இல்லை. 'ஃபெயில்டு பாஸ்வேர்ட்' என்றால் பெயர் சரி, கடவுச்சொல் தவறு. 'நாட் லிஸ்டட் இன் அலவ்யூசர்ஸ்' என்றால் யாரோ எப்போதோ ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள், அதில் நீங்கள் இல்லை. ஒரு வரியும் விழவில்லையா? நீங்கள் தட்டுவது வேறு வீட்டுக் கதவு. ஐபி முகவரியைச் சரிபாருங்கள்.

லாகில் பயனர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒருவருடைய கடவுச்சொல் அப்பட்டமாகக் கிடப்பதையும் சில நேரம் பார்ப்பீர்கள். அவசரத்தில் பெயர் கேட்ட இடத்தில் கடவுச்சொல்லை அடித்து என்டர் தட்டியிருப்பார். அவரைக் கூப்பிட்டு உடனே மாற்றச் சொல்லுங்கள்.

வலைத்தளப் பராமரிப்பாளர்: அண்ணா, இணையதளத்தில் படம் ஏற்ற முடியவில்லை என்று என் ஹோம் அடைவு முழுவதற்கும் 777 அனுமதி கொடுத்தேன். படம் ஏறிவிட்டது. ஆனால் நேற்றுவரை வேலை செய்த சாவியை இப்போது சர்வர் ஏற்கவில்லை.

பதில்: ஏற்காதது நியாயம்தான் தம்பி. 777 என்றால் எல்லோருக்கும் எழுதும் உரிமை. அந்த சர்வரில் கணக்கு வைத்திருக்கும் எவரும் உங்கள் சாவிப் பட்டியலில் தன் சாவியைச் சேர்த்துக்கொண்டு, உங்கள் பெயரில் நுழையலாம். அதனால் 'ஸ்ட்ரிக்ட்மோட்ஸ்' என்ற அமைப்பு, இயல்பாகவே இயக்கத்தில் இருப்பது, சாவியைப் பார்ப்பதற்கு முன்பே அனுமதிகளைப் பார்க்கிறது. லாகில் 'பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்' என்று எந்த அடைவு பிரச்சினை என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கும்.

ஹோம் அடைவில் உங்களைத் தவிர வேறு யாருக்கும் எழுதும் உரிமை இருக்கக்கூடாது; 755 அல்லது 750 போதும். அதற்குள் இருக்கும் '.எஸ்எஸ்எச்' அடைவுக்கு 700. சாவிப் பட்டியலான 'ஆத்தரைஸ்டு கீஸ்' கோப்புக்கு 600. உரிமையாளரையும் பாருங்கள். சூடோ போட்டு அந்தக் கோப்பை உருவாக்கியிருந்தால் உரிமையாளர் ரூட் ஆகியிருப்பார். அனுமதி 600 என்று அழகாகத் தெரியும், ஆனால் சர்வர் அந்தக் கோப்பை உங்கள் பெயரில்தான் திறக்க முயலும், திறக்க முடியாது.

எல்லாம் சரி, இன்னும் முடியவில்லை, ரெட் ஹாட் வகை சர்வர் என்றால் அடுத்த சந்தேகம் எஸ்இலினக்ஸ், ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அடையாளச் சீட்டு ஒட்டிக் கூடுதல் காவல் காப்பது. கோப்புகளை வேறு இடத்திலிருந்து நகர்த்திக் கொண்டுவந்தால் பழைய அடையாளச் சீட்டு ஒட்டிக்கொண்டே வரும். 'ரீஸ்டோர்கான்' கட்டளையை அந்த அடைவின் மேல் ஓட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். "எஸ்இலினக்ஸை அணைத்துவிடு" என்று அறிவுரை சொல்பவர்களும் 777 போடச் சொல்பவர்களும் ஒரே கூட்டம். இருவர் பேச்சையும் கேட்காதீர்கள்.

படம் ஏற்றும் சிக்கலுக்கு, படங்கள் சேரும் அந்த ஓர் அடைவை மட்டும் வெப் சர்வரின் குழுவுக்குக் கொடுத்தால் போதும்.

விண்டோஸிலிருந்து வேலை செய்பவர்: புட்டிஜென்னில் சாவி உருவாக்கி, பொதுச் சாவியைக் கோப்பாகச் சேமித்து சர்வரில் ஒட்டினேன். ஏற்கவில்லை.

பதில்: அது பல வரிகளில் சேமிக்கும், சர்வரில் ஓடும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சுக்கு ஒரு சாவி ஒரே வரியில் வேண்டும். புட்டிஜென் சாளரத்தின் மேல்பகுதிப் பெட்டியில் இருப்பதை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். நடுவில் வரி உடையக்கூடாது.

சிறுதொழில் நிறுவனத்தின் கணினிப் பொறுப்பாளர்: ஐயா, உபுண்டு சர்வரில் கடவுச்சொல் வழி நுழைவை அனுமதிக்க, 'எஸ்எஸ்எச்டி கான்ஃபிக்' கோப்பில் 'பாஸ்வேர்ட் ஆதன்டிகேஷன்' என்பதை 'எஸ்' ஆக்கினேன். சேவையை மறுதொடக்கம் செய்தேன். சர்வர் மதிக்கவே இல்லை.

பதில்: உங்களுக்கு முன்னால் வேறொருவர் 'நோ' என்று சொல்லிவிட்டார். அந்தக் கோப்பின் தலைப்பிலேயே ஓர் 'இன்க்லூட்' வரி இருக்கும். 'எஸ்எஸ்எச்டி கான்ஃபிக்.டி' என்ற அடைவில் உள்ள கோப்புகளையெல்லாம் முதலில் படிக்கச் சொல்வது அது. கிளவுட் இமேஜ்களில் அங்கே '50-கிளவுட்-இனிட்' என்று ஒரு கோப்பு உட்கார்ந்திருக்கும். எஸ்எஸ்எச்டியின் வழக்கம் என்னவென்றால், ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் வந்தால் முதலில் படித்ததுதான் செல்லும். பிந்தியது வெல்லும் என்று நினைத்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

கோப்பு கோப்பாகத் தேடாதீர்கள். 'எஸ்எஸ்எச்டி' கட்டளையை ரூட்டாக, பெரிய 'டி' (T) எழுத்துடன் ஓட்டினால் இறுதியில் நடைமுறையில் இருக்கும் அமைப்புகளை எல்லாம் பட்டியலிடும். சிறிய 'டி' (t) போட்டால் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் சோதிக்கும். எதை மாற்றினாலும் முதலில் அந்தச் சோதனை, பிறகு மறுதொடக்கம். இன்னொரு சாளரத்தில் புதிதாக நுழைந்து பார்க்கும்வரை பழைய சாளரத்தை மூடாதீர்கள். சேவையை மறுதொடக்கம் செய்தாலும் அந்த இணைப்பு அறுந்துபோகாது.

அது போகட்டும், இணையத்துக்குத் திறந்திருக்கும் சர்வரில் கடவுச்சொல் வழியை ஏன் திறக்கிறீர்கள்? சாவிக்கு மாறிவிடுங்களேன்.

கல்லூரி ஆய்வக உதவியாளர்: ஐயா, வணக்கம். செய்முறைத் தேர்வு நாளில் ஆய்வகத்து மாணவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளப்பட்டார்கள். சிறிது நேரம் கழித்துத் தானாகவே சரியானது. அதே சர்வரில் என் கைப்பேசி இணையத்திலிருந்து அப்போதும் நுழைய முடிந்தது.

பதில்: கைப்பேசியிலிருந்து முயன்றது நல்ல யோசனை, பதிலின் பாதி அதிலேயே இருக்கிறது. அந்த சர்வரில் ஃபெயில்2பேன் ஓடுகிறது. ஒரே ஐபி முகவரியிலிருந்து 10 நிமிடத்துக்குள் 5 தவறான முயற்சிகள் வந்தால் அந்த முகவரியை 10 நிமிடம் அடைத்துவிடும். யாரும் மாற்றாதவரை அதன் கணக்கு இதுதான். உங்கள் ஆய்வகம் முழுவதும் வெளியுலகுக்கு ஒரே ஐபி முகவரியாகத் தெரிகிறது. தேர்வுப் பதற்றத்தில் ஆளுக்கொரு முறை தவறாக அடித்தாலே எண்ணிக்கை நிறைந்துவிடும். மாணவர்களைத் திட்டாதீர்கள்.

அதன் 'இக்னோர்ஐபி' பட்டியலில் கல்லூரியின் முகவரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். அவசரத்துக்கு 'ஃபெயில்2பேன்-கிளையன்ட்' மூலம் அந்த ஒரு முகவரியை விடுவிக்கலாம்.

இதே போன்ற அறிகுறி ஒரே ஒரு பயனருக்கு மட்டும், எந்த இடத்திலிருந்து முயன்றாலும் வந்தால் அது வேறு. பாம் (PAM) என்பது லினக்ஸில் நுழைபவரைச் சரிபார்க்கும் அமைப்பு. அதன் 'ஃபெய்ல்லாக்' என்ற தொகுதி கணக்கையே பூட்டியிருக்கும். அதன் இயல்பான அளவு 3 தவறுகள், 600 விநாடிப் பூட்டு. சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் 'தவறு' என்றே சொல்லும், மனிதன் தன் நினைவாற்றலையே சந்தேகிப்பான். 'ஃபெய்ல்லாக்' கட்டளையில் பயனர் பெயரோடு 'ரீசெட்' கொடுத்தால் திறந்துவிடும்.

நிதி நிறுவன ஊழியர்: ஆளே இல்லாமல் சாவி வழியாக ஓடும் பேக்கப் கணக்கு 90 நாளுக்கு ஒருமுறை நின்றுபோகிறது. சாவிக்கு ஏது காலாவதி?

பதில்: சாவிக்கு இல்லை, அந்தக் கணக்கின் கடவுச்சொல்லுக்கு உண்டு. யாரும் அதைப் பயன்படுத்தாவிட்டாலும் காலக்கெடு முடிந்ததும், சாவியோடு வந்தாலும் "முதலில் கடவுச்சொல்லை மாற்று" என்று பாம் மறித்துக்கொள்ளும். மாற்ற ஸ்கிரிப்ட்டுக்குத் தெரியாது. 'சேஜ்' கட்டளையில் சிறிய 'எல்' எழுத்துடன் பயனர் பெயரைக் கொடுத்தால் தேதிகள் தெரியும். நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு அந்தக் கணக்குக்கு மட்டும் காலக்கெடுவை நீக்குங்கள்.

அதே நிறுவனத்தின் இன்னொருவர்: எங்களுக்குத் தலைகீழ்ச் சிக்கல். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை 'யூசர்மாட்' மூலம் பூட்டினோம். அவர் அதன் பிறகும் நுழைந்திருப்பது லாகில் தெரிகிறது.

பதில்: பெரிய 'எல்' போட்டுப் பூட்டியிருப்பீர்கள். அது கடவுச்சொல்லை மட்டும்தான் பூட்டும். வழக்கமான அமைப்பில் சாவி வைத்திருப்பவர் உள்ளே வந்துகொண்டே இருப்பார். கணக்கின் காலாவதித் தேதியை 1 என்று வையுங்கள். அந்த எண் 1970 ஜனவரி 1இலிருந்து நாட்களாக எண்ணப்படுவதால், 1970 ஜனவரி 2 அன்றே காலாவதியானதாகக் கணக்கிட்டு எல்லா வழியையும் மறுக்கும். 0 வேண்டாம், அதைச் சில இடங்களில் "காலாவதியே இல்லை" என்று எடுத்துக்கொள்வதுண்டு. சாவிப் பட்டியலையும் அப்புறப்படுத்துங்கள். அவர் விட்டுச்சென்ற கிரான் வேலைகளையும் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை), அவர் சாவி வேறு கணக்குகளில் இருக்கிறதா என்பதையும் இன்றே பாருங்கள். அவர் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பு இருந்தால் இந்த மாற்றங்கள் எதுவும் அதை அறுக்காது. நீங்கள்தான் அறுக்கவேண்டும்.

ஜாவா நிரலாளர்: சர்வரை உபுண்டு 20.04இலிருந்து 22.04க்கு உயர்த்தினோம். பழைய செயலியின் ஆர்எஸ்ஏ சாவி செல்லவில்லை. சாவியை மாற்றவேண்டுமா?

பதில்: சாவியில் குறையில்லை, கையெழுத்து முறைதான் பழையது. 2021இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8 முதல், எஸ்எச்ஏ-1 என்ற பழைய கணக்கீட்டு முறை கொண்டு போடும் ஆர்எஸ்ஏ கையெழுத்தை இயல்பாக ஏற்பதில்லை. 22.04இல் இருப்பது 8.9. அதே சாவியால் எஸ்எச்ஏ-2 கையெழுத்துப் போடத் தெரிந்த நூலகத்துக்குச் செயலியை மாற்றினால் போதும். அதுவரை அந்த ஒரு பயனருக்கு மட்டும் 'எஸ்எஸ்எச்டி கான்ஃபிக்' கோப்பின் 'மேட்ச்' பகுதிக்குள் பழைய முறையை அனுமதிக்கலாம். சர்வர் முழுவதற்கும் அனுமதித்தால் அது அப்படியே நிலைத்துவிடும்.

வீட்டில் உபுண்டு வைத்திருப்பவர்: கடவுச்சொல் சரி, ஆனால் திரை ஒரு நொடி கறுத்துவிட்டு மறுபடியும் உள்நுழைவுப் பக்கத்துக்கே வருகிறது.

பதில்: கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரையில் நுழைந்து, வட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நிரம்பிய வட்டுதான் முதல் சந்தேகம். இடம் இருந்தால், ஹோம் அடைவில் '.எக்ஸ்அதாரிட்டி' கோப்பின் உரிமையாளர் ரூட்டாக மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த எழுத்துத் திரையிலும் கடவுச்சொல் தவறு என்றால், தமிழ்99 விசைப்பலகை இயக்கத்தில் இருந்தபோது கடவுச்சொல் வைத்தீர்களா என்று யோசியுங்கள்.

தனியாக ஒரு சர்வரைப் பார்த்துக்கொள்பவர்: அண்ணா, எல்லா வழியும் அடைபட்டுவிட்டது. ரூட் கடவுச்சொல்லும் தெரியாது, சாவியும் தொலைந்துவிட்டது. சர்வரை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவேண்டியதுதானா?

பதில்: அழிக்கவேண்டாம். இயந்திரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மறுதொடக்கம் செய்து, தொடக்கத்தில் வரும் கிரப் பட்டியலில் 'ஈ' அழுத்தி, லினக்ஸ் வரியில் இருக்கும் 'ஆர்ஓ'வை 'ஆர்டபிள்யூ' ஆக்கி, வரியின் கடைசியில் 'இனிட்' அமைப்புக்கு பாஷ் நிரலின் பாதையைக் கொடுங்கள். கடவுச்சொல் கேட்காமல் ரூட்டாக நிற்பீர்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள். ரெட் ஹாட் வகை என்றால் மூல அடைவில் '.ஆட்டோரீலேபல்' என்று ஒரு வெற்றுக் கோப்பையும் உருவாக்குங்கள், இல்லையென்றால் புதிய கடவுச்சொல்லையும் எஸ்இலினக்ஸ் மறித்துவிடலாம். வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதன் கடவுச்சொல் இல்லாமல் இதெல்லாம் நடக்காது.

கிளவுட் என்றால் சர்வரை நிறுத்தி, அதன் வட்டைக் கழற்றி, வேறொரு சர்வரில் இரண்டாவது வட்டாக இணையுங்கள். உங்கள் புதிய பொதுச் சாவியை அதன் 'ஆத்தரைஸ்டு கீஸ்' கோப்பில் சேருங்கள், பழைய இடத்தில் மாட்டி இயக்குங்கள். கழற்றுவதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.