பள்ளிக்குப் போகாத நாட்களில் உங்கள் மகன் எங்கே இருந்தான்?

கடலூர் முதுநகரிலிருந்து எழுதிய தாய்க்கு,

பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் ஜூன் மாதத்திலிருந்து 31 நாட்கள் பள்ளிக்குப் போகவில்லை என்பதும், மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளும்படி பள்ளியில் சொல்லிவிட்டார்கள் என்பதும் உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருப்பது தெரிகிறது. ஆனால் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தால் ஒழுங்குக்கு வந்து நீட் தேர்வையும் வென்றுவிடுவான் என்று உங்கள் அண்ணன் சொல்வதற்கு நான் உடன்பட முடியாது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் மாணவரை நீக்குவதற்கு விதிக்கும் தடை எட்டாம் வகுப்போடு முடிகிறது. உங்கள் மகன் அந்த எல்லையைத் தாண்டிவிட்டான். ஆயினும், வீட்டுப்பாடம் எழுதாததற்காக மூன்று நாட்கள் வகுப்பறை வாசலில் நிற்க வைத்த பிறகே அவன் போக மறுத்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உடலுக்கோ மனத்துக்கோ வலி தராமல்தான் மாணவரைத் திருத்த வேண்டும் என்று தமிழ்நாடு கல்வி விதிகளின் 51-ஆம் விதி 2003-இலேயே திருத்தப்பட்டுவிட்டது. அரசு உதவி பெறும் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் இதை எழுத்தாகக் கொடுங்கள். மாற்றுச் சான்றிதழ் கேட்டு நீங்களாகக் கடிதம் எழுதித் தராதீர்கள். தனித்தேர்வராக எழுதலாம் என்று யாராவது சொன்னால், அதற்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியே பதிவு செய்து அலைய வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

அந்த 31 நாட்களும் அவன் சித்தப்பாவின் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் கடையில் இருந்தான் என்பதை நீங்கள் குற்றமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கடிதத்திலேயே பயனுள்ள வரி. அதற்காகப் படிப்பை நிறுத்திக் கடையிலேயே விட்டுவிடவும் கூடாது. பள்ளி நேரத்தில் அவன் பள்ளியில்தான் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பை முடித்தபின் ஐ.டி.ஐ.யில் குளிர்பதனம் மற்றும் குளிரூட்டல் தொழிற்பிரிவு இருக்கிறது, இரண்டாண்டுப் படிப்பு. செம்புக் குழாயை வெட்டி வளைத்து விளிம்பு விரிப்பது, குழாய்களைச் சூட்டில் இணைக்கும் பிரேஸிங் வைப்பது, நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்ப்பது, வேக்குவம் எடுத்து கேஸ் நிரப்புவது என்று தொடங்கி, குளிர்பதனக் கிடங்கு, மைய ஏ.சி. வரை அதில் கற்பிக்கிறார்கள். இப்போதைய ஏ.சி.களில் வரும் ஆர்-32 வாயு தீப்பற்றக்கூடியது என்பதால், கடையில் பார்த்துப் பழகியது மட்டும் இனிப் போதாது. துறைமுகத்தில் மீன் கெடாமல் இருப்பதே ஐஸ் ஆலைகளால்தான். முதுநகரில் வளர்ந்த பையனுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்திருந்தால் மேற்படிப்பு படிக்கும் மாணவருக்கு அரசு தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயையும் கேட்டுப் பெறலாம். உறவினர்கள் கேட்கும் ‘படிப்பு அதோடு நின்றுவிடுமே’ என்ற கேள்விக்கும் பதில் உண்டு. ஐ.டி.ஐ. முடித்தவன் மொழிப்பாடத் தேர்வுகளை மட்டும் எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்று பெறலாம், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், நெய்வேலி என்.எல்.சி. போன்ற நிறுவனங்களில் தொழில் பழகுநராக விண்ணப்பிக்கலாம்.

விடுதிப் பள்ளிக்காக ஆண்டுக்கு இரண்டு லட்சத்தை நகையை அடகு வைத்துப் புரட்டப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். உயிரியல் பாடத்தைத் தொடவே பிடிக்காத பையனுக்காக வட்டி கட்டுவதை எந்தக் கணக்கிலும் என்னால் நியாயப்படுத்த முடியாது. அண்ணன் கோபித்துக்கொண்டால் அந்தக் கோபத்துக்கு வட்டி இல்லை.

தேர்வு முடிவு வந்தபின் ஐ.டி.ஐ. கலந்தாய்வுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும்போது, இந்தத் தொழிற்பிரிவு அருகில் எந்த நிலையத்தில் இருக்கிறது என்று பட்டியலில் பாருங்கள். விருப்ப வரிசையை அவனே நிரப்பட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.