டிவிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் ஒரே ரிமோட் போதுமா?

காட்பாடியில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு இரண்டு ரிமோட் குழப்புகிறது, ஒன்றாக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். டிவி கம்பெனிக்கான கோட் எண்ணைப் போட்டுத் தேடும் வகையை விட, பழைய ரிமோட்டின் சிக்னலைக் கற்றுப் பதிந்துகொள்ளும் லேர்னிங் ரிமோட்டே நல்லது, வேலூர் டிவி ரிப்பேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் செட் பட்டனை சிவப்பு விளக்கு நிலையாக எரியும்வரை அழுத்திப் பிடித்து, புது ரிமோட்டில் வேண்டிய பட்டனைத் தட்டிவிட்டு, பழைய ரிமோட்டை ஓரிரு அங்குல இடைவெளியில் நேர் எதிரே வைத்து அதே வேலைக்கான பட்டனை அழுத்தினால் விளக்கு மின்னும், அவ்வளவுதான், பதிவாகிவிட்டது. ஜன்னலோரம் மட்டும் வேண்டாம். இந்த ரிமோட்டுகள் சிக்னல் அனுப்புவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரில்தான்; நம்ம ஊர் வெயிலிலும் அது உண்டு, சிக்னலைக் கெடுத்துவிடும். ஃபயர் ஸ்டிக் போல ப்ளூடூத்தில் இயங்குவதை இப்படிப் பதிய முடியாது. அப்புறம், அம்மாவுக்கு பவர், சத்தம், சேனல் பதிந்தாலே போதும், மற்ற பட்டன்களைக் காலியாகவே விடுங்கள்.