ஐந்து பேர் ஏறினார்கள், ஒருவர் பேசினார்: புள்ளி யாருக்கு?

கேள்வி: மட்டக்களப்பில் ஒரு கல்லூரியில் சினிமா இரசனைப் பாடம் நடத்துகிறேன். ஐந்து பேர் கொண்ட குழு ஒரு படத்தை ஆராய்ந்து அளிக்கை செய்ய வேண்டும். ஒருவர் உழைக்கிறார், மற்றவர்கள் ஸ்லைடை வாசித்துவிட்டு இறங்குகிறார்கள். ஒரே புள்ளி கொடுத்தால் உழைத்தவர் முகம் வாடுகிறது, வேறுபடுத்தினால் முறைப்பாடு வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: கூத்துக் களரியில் பத்துப் பேர் சேர்ந்து ஆடினாலும் யாருடைய கால் தாளம் தப்பியது என்று கூத்தைப் பழக்கிய அண்ணாவியாருக்குத் தெரியும். நீங்களும் அந்த இடத்தில்தான் நிற்க வேண்டும்.

நான் 100இல் 40ஐக் குழுவுக்கு வைப்பேன்: வாதம் ஒரே நூலில் போகிறதா, காட்டிய காட்சி அதற்குப் பொருந்துகிறதா, நேரம் தவறவில்லையா. மீதி 60 ஆளுக்காள். ஒளிப்பதிவைப் பற்றிப் பேசியவரிடம் ஒலியைக் கேட்பேன், கதையைச் சொன்னவரிடம் படத்தொகுப்பைக் கேட்பேன். இந்த விதியைப் படத்தைக் கொடுக்கும் நாளிலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். முறைப்பாட்டில் பாதி அங்கேயே அடங்கிவிடும்.

கேள்வி எப்படி இருக்க வேண்டும்? சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யை (1955) எடுங்கள். மகள் இறந்தது தெரியாமல் ஊர் திரும்பும் தகப்பன், அவளுக்கென்று வாங்கிவந்த சேலையை எடுத்துக் காட்டுகிறார். தாய் உடைந்து அழுகிறாள். அவளுடைய குரல் நமக்குக் கேட்பதில்லை, தார் ஷெனாய் என்ற நரம்பு வாத்தியத்தின் உச்ச நாதம்தான் கேட்கிறது. அந்த இடத்தில் நிறுத்தி, “குரலை ஏன் எடுத்துவிட்டார்?” என்று கேளுங்கள். இணையத்தில் வாசித்துவந்தவர், “துயரத்தை வெளிப்படுத்த, சேர்” என்பார். எந்தப் படத்துக்கும் பொருந்தும் பதில் அது. படம் பார்த்த பிள்ளை, “முதலில் அவள்தான் கத்துகிறாள் என்று நினைத்தேன், பிறகுதான் வாத்தியம் என்று விளங்கியது” என்று தட்டுத்தடுமாறிச் சொல்லும். புள்ளி அந்தத் தடுமாற்றத்துக்குத்தான். நல்ல மேடைப் பேச்சு நம் காதை எளிதில் ஏமாற்றிவிடும். நானே பல தடவை ஏமாந்திருக்கிறேன்.

குழுவினர் ஒருவருக்கொருவர் புள்ளி போடும் முறையை நான் கைவிட்டு நாளாகிறது. எல்லோரும் எல்லோருக்கும் பத்துக்குப் பத்து போடுவார்கள், நட்பு கெடக்கூடாதே! அதற்குப் பதிலாக, “உன் குழுவில் ஒவ்வொருவரும் செய்த ஒரு வேலையை எழுது” என்று ஒரு துண்டுக் கடதாசி கொடுங்கள். ஒருவர் பெயருக்கு நேரே நால்வரும் வெற்றிடம் விட்டிருந்தால் அவரைத் தனியே கூப்பிட்டு விசாரியுங்கள்.

ஆனால் விசாரிக்காமல் வெட்டிவிடாதீர்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து வரும் பிள்ளைகள் பலருக்குப் பின்னேரக் கூட்டத்தில் இருக்க முடியாது. மண்டூருக்குப் போகிற பிள்ளை குருமண்வெளியில் வாவியைக் கடக்கும் பாதையை, அதாவது மிதவைப் படகை, பிடிக்க வேண்டும். கூட்டத்துக்கு வராததை உழைக்காததாக எழுதக் கூடாது. குழு வேலைக்கென்று பாட நேரத்திலேயே இரண்டு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

புள்ளியை அன்றன்றே போடுங்கள், ஆனால் பென்சிலால். முதல் குழுவுக்குக் கை எப்போதும் இறுகித்தான் இருக்கும். கடைசிக் குழு முடிந்த பிறகு அந்த முதல் தாளை மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டுப் பேனாவைத் தொடுங்கள்.