அறிவியல் புனைகதையில் தொனியையும் குறியீட்டையும் எப்படிப் பிடிப்பது? ஒரு காலி வீட்டை வைத்துச் சொல்கிறேன்

தொழில்நுட்பம் பற்றிய சிறுகதையைப் படிக்கும்போது தொனி (சொல்லும் விதத்தில் தெரியும் உணர்வு) எது, குறியீடு (ஒரு பொருள் வேறொன்றையும் சுட்டி நிற்பது) எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன்: 1950-இல் வெளிவந்த, அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரியின் ‘தேர் வில் கம் சாஃப்ட் ரெயின்ஸ்’ (‘மென்மழை வரும்’).

கதையில் உயிரோடு ஒரு மனிதர்கூடக் கிடையாது. கலிஃபோர்னியாவில் எல்லாமே தானாக இயங்கும் ஒரு வீடு, அவ்வளவுதான். காலை ஏழு மணிக்கு எழுந்திருங்கள் என்று குரல் கொடுக்கிறது, அடுப்பு எட்டு முட்டை பொரிக்கிறது, இன்று இன்னாருக்குப் பிறந்தநாள், காப்பீட்டுத் தொகை கட்டணும், தண்ணீர், கேஸ், மின்சாரக் கட்டணமும் கட்டணும் என்று கூரையிலிருந்து ஞாபகப்படுத்துகிறது. கிளம்பும் நேரம் வந்ததும் கார் ஷெட் கதவு மேலே ஏறி, ரொம்ப நேரம் காத்திருந்துவிட்டு, மறுபடி இறங்கிக்கொள்கிறது. எட்டரைக்கு, சுருங்கிப்போன முட்டையையும் கல்லாகிப்போன ரொட்டியையும் இயந்திரமே சுரண்டித் தள்ளுகிறது.

தொனி என்றால் என்ன என்று புரிந்துகொள்ள எனக்கு அந்தக் கதவு ஒன்றே போதும். ‘ஐயோ, யாருமே வரவில்லையே’ என்று எழுத்தாளர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கதவு காத்திருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். நமக்குத்தான் வயிற்றைப் பிசைகிறது. அப்புறம் தோட்டத்தில் தண்ணீர் தெளிப்பான் சுழன்று, கருகிய மேற்குச் சுவரில் தண்ணீர் வழியும்போது அதில் ஐந்தே ஐந்து இடங்களில் மட்டும் பெயின்ட் மிச்சமிருப்பது தெரிகிறது: புல் வெட்டும் ஒரு ஆண், பூப்பறிக்கக் குனிந்த ஒரு பெண், கையை உயர்த்திய ஒரு பையன், எதிரே ஒரு சிறுமி, நடுவே மேலே ஒரு பந்து. அந்தப் பந்து கீழே வரவே இல்லை. அணுகுண்டு விழுந்த காட்சி கதையில் எங்கேயும் இல்லை, இந்த நிழல்கள்தான் நடந்ததைச் சொல்கின்றன. ஹிரோஷிமாவில் கல்படியில் மனித நிழல் பதிந்துபோனதைக் கேள்விப்பட்ட அன்றைய வாசகருக்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

சரி, குறியீட்டுக்கு வருவோம். கல்லூரியில் படிக்கும்போது இந்தக் கதையைப் பற்றி ‘தொழில்நுட்பம் மனிதனை அழிக்கும், வீடு அதன் குறியீடு’ என்று நான்கு பக்கம் எழுதினேன். இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது, ஏனென்றால் அந்த வீடு யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை, சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் செய்துகொண்டே இருக்கிறது, அதன் பயங்கரமே அதில்தான் இருக்கிறது. நாய் வரும் இடத்தைப் பாருங்கள். எலும்பும் தோலுமாக, உடம்பெல்லாம் புண்ணோடு அந்த வீட்டு நாய் வாசலுக்கு வருகிறது, குரலை அடையாளம் கண்டு கதவு திறக்கிறது, பின்னாலேயே துப்புரவு எலிகள் (இயந்திர எலிகள்தான்) சேற்றை அள்ள வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சலோடு ஓடுகின்றன. மூடிய சமையலறைக் கதவுக்குப் பின்னால் அப்பம் வேகும் வாசனை. நாய் கதவைப் பிறாண்டுகிறது, நுரை தள்ளுகிறது, சுற்றிச் சுற்றி ஓடிச் செத்துப்போகிறது. ஒரு மணி நேரம் கழித்து எலிகள் அதையும் குப்பையாக எடுத்துப்போய் எரித்துவிடுகின்றன. இல்லாத ஆட்களுக்குச் சமைக்கத் தெரிந்த வீட்டுக்கு, பசித்து நிற்கிற உயிர் கண்ணில் படவில்லை.

அதனால் நான் செய்வது இதுதான்: ஒரு பொருளைப் பார்த்ததும் ‘இது எதன் குறியீடு’ என்று கேட்பதில்லை. முதலில் அது கதைக்குள் என்ன வேலை செய்கிறது, யாருக்காகச் செய்கிறது என்று பார்ப்பேன். எட்டு முட்டைக்கு முதலில் முட்டை என்றுதான் அர்த்தம், சாப்பிட ஆள் இல்லாதபோதுதான் அது வேறொன்றாக மாறுகிறது. தெய்வங்கள் போய்விட்ட பிறகும் சடங்கு நடந்துகொண்டிருக்கும் பலிபீடம் என்று பிராட்பரியே ஓரிடத்தில் அந்த வீட்டைச் சொல்லிவிடுகிறார். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படி. கதவும் முட்டையும் ஏற்கெனவே அதைச் சொல்லியாகிவிட்டது.

தலைப்பு, வீடு இரவில் வாசிக்கும், அமெரிக்கக் கவிஞர் சாரா டீஸ்டேலின் கவிதையிலிருந்து வந்தது. முதல் உலகப்போர்க் காலத்துக் கவிதை, 1918-இல் வெளிவந்தது. மனித இனமே அழிந்தாலும் பறவைக்கும் மரத்துக்கும் கவலையில்லை என்கிறது. எந்தக் கவிதை வேண்டும் என்று வீடு கேட்கிறது, பதில் வராததால் தானே ஒன்றை எடுத்து வாசிக்கிறது. இதையும் அதே பணிவான குரலில்தான் செய்கிறது.

இன்னொன்று, இது என் சொந்தக் கணக்கு, இழுத்துப் பொருத்துவதாகத் தோன்றினால் விட்டுவிடுங்கள். பத்திரிகையில் வந்தபோது கதை நடக்கும் தேதி 1985 ஏப்ரல். அதே 1950-இல் புத்தகத்தில் சேர்ந்தபோது அது 2026 ஆகஸ்ட் 4 ஆனது. இரவில் தீப்பிடித்து வீடு எரிந்து, விடியும்போது மிஞ்சி நிற்கும் ஒற்றைச் சுவர் ‘இன்று ஆகஸ்ட் 5, 2026’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது ஆகஸ்ட் 6.