ஒட்டக மண்ணீரல்: கிழிசலா, குருதி ஓடும் வெளியா?

கேள்வி: ஒற்றைத் திமில் ஒட்டகத்தின் மண்ணீரல் துண்டை ஹிமடாக்சிலின்-ஈயோசின் சாயமிட்டுப் பார்த்தேன். உறையை ஒட்டி உட்புறத்தில் நீளநீளமாக வெற்றிடங்கள் தெரிகின்றன. ஆங்காங்கே கரும்பழுப்புத் துகள்கள். வெட்டும்போது கிழிந்துவிட்டதா? துகள்கள் நோயா?
— கால்நடை மருத்துவ மாணவி, பிகானேர்

பதில்: அந்த ஸ்லைடைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நீங்கள் கிழிசல் என்று நினைப்பது பெரும்பாலும் ஒட்டக மண்ணீரலின் தனிச்சிறப்பாகவே இருக்கும். உறைக்கு அடியிலும், உறையிலிருந்து உள்ளே இறங்கும் டிராபிகுலாக்களை (தாங்கு பட்டைகளை) சுற்றியும் இந்த விலங்குக்குக் குருதிப் பைகள் உண்டு. 40 மடங்கு லென்ஸுக்கு மாற்றி விளிம்பைப் பாருங்கள். தட்டையான எண்டோதீலியச் செல்கள் (குருதிக்குழாயின் உட்சுவரை மூடுபவை) வரிசையாக ஒட்டியிருந்து, உள்ளே சிவப்பணுக்களும் கிடந்தால் அது குருதிப் பை. விளிம்பு பிய்ந்து நார்நாராக நின்றால் கிழிசல். சிவப்பணுக்கள் வட்டமாக இல்லையே என்று குழம்ப வேண்டாம். ஒட்டகத்துக்கு அவை நீள்வட்டம்தான், உட்கரு இராது.

உறையே இரண்டு அடுக்கு: வெளியே இணைப்புத்திசு, உள்ளே மென்தசை. ஈயோசினில் இரண்டும் இளஞ்சிவப்பாகத்தான் தெரியும், பிரித்தறிவது சிரமம். மேசன் ட்ரைக்ரோம் சாயம் போட்டால் தசை சிவப்பு, கொலாஜன் நீலம் என்று பளிச்சென்று பிரியும். இவ்வளவு தசை எதற்கு? மண்ணீரலைச் சுருக்கி, தேங்கிய குருதியை ஓட்டத்துக்கு அனுப்பத்தான். வெண்கூழ், அதாவது மண்ணீரலின் நிணத்திசுப் பகுதி, மற்ற பாலூட்டிகளில் பார்ப்பது போலவே: தமனிகளைச் சுற்றி நிணச்செல் உறை, பக்கத்தில் முடிச்சுகள்.

துகள்களுக்கு வருவோம். மண்ணீரலில் குருதி மிகுதி. திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் அமிலமாகிப் போயிருந்தால் ஹீமோகுளோபினோடு சேர்ந்து கரும்பழுப்பாகப் படியும். அது நோய் அல்ல. பழைய சிவப்பணுக்கள் சிதைந்து வரும் ஹீமோசிடரின் பொன்பழுப்பாக, மேக்ரோஃபேஜ்களுக்குள் (விழுங்கு செல்களுக்குள்) இருக்கும். சந்தேகமிருந்தால் இரும்பைக் காட்டும் பெர்ல்ஸ் சாயம் போடுங்கள்: ஹீமோசிடரின் நீலமாகும், ஃபார்மலின் படிவு ஆகாது. படிவைப் போக்க, மெழுகு நீக்கிய வெட்டை ஆல்கஹாலில் பூரிதமாகக் கரைத்த பிக்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, மஞ்சள் போகும்வரை ஓடும் நீரில் கழுவி, பிறகு சாயமிடலாம்.

அடுத்த முறை அமிலமாகாதபடி 10 சதவீத நடுநிலை பஃபர் ஃபார்மலின் எடுங்கள். திசுவைப் போல 10 முதல் 20 மடங்கு அளவு வேண்டும். துண்டு 5 மி.மீ. தடிமனைத் தாண்டக்கூடாது, தாண்டினால் நடுப்பகுதி பதப்படும் முன்பே சிதையும். உறையோடு சேர்த்து நறுக்குங்கள், விரலால் அழுத்தாதீர்கள். பாரஃபின் கட்டி நொறுங்கினால் ஐஸ் தண்ணீரில் சில நிமிடம் முகம் கவிழ்த்து வைத்துவிட்டு வெட்டுங்கள்; 4-5 மைக்ரான் போதும்.