தரைப்பந்து: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஓக்லண்ட் பக்கம் வசிக்கிறேன். பல வருஷமாக மென்பொருள் எழுதுகிற வேலை. இப்போது புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பிரிவுக்கு மாறச் சொல்கிறார்கள். சம்பளம் குறையாது. ஆனாலும் ஓரங்கட்டுகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. 'வாக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை' என்பார் என் அப்பா. மகனோடு பேஸ்பால் பார்க்கையில் ரான் வாஷிங்டன் என்ற பயிற்சியாளரை எல்லோரும் கொண்டாடுவதைக் கவனித்தேன். தேடிப் பார்த்தால், ஆடிய காலத்தில் அவர் மட்டையடிச் சராசரி .261, மைதானத்துக்கு வெளியே அடிக்கிற ஹோம் ரன் மொத்தமே 20. அணியை நடத்தும் மேனேஜராக இரண்டு முறை வேர்ல்ட் சீரிஸ் என்கிற இறுதிப்போட்டிக்குப் போய் இரண்டிலும் தோல்வி. போதைப்பொருள் விவகாரம் வேறு. இவர் எப்படி ஆசான்? நான் அந்தப் பிரிவுக்குப் போகலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் கேட்ட நேரம் நல்ல நேரம். கொஞ்ச நாளாகத் தூங்கப்போகும் முன் நான் பார்ப்பது அந்த மனிதரின் பயிற்சிக் காணொளிகளைத்தான்.

உங்கள் அப்பாவின் பழமொழி மேல் எனக்குக் கோபமில்லை. அந்த .261 மேல்தான் கோபம். ஒரு மனிதரைத் தெரிந்துகொள்ள அவருடைய மட்டைக் கணக்கைத் திறந்து பார்த்தீர்கள். அவர் பிழைத்தது மட்டையாலா? ஷார்ட்ஸ்டாப், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் என்று மட்டைக்காரனுக்குக் கிட்டே, உள்வட்டத்தில் நின்று, தரையோடு அடிபட்டு வரும் தரைப்பந்து பொறுக்கியவர் அவர். மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டிக்கூட வருகிற பந்து, கால் முன்னால் மண்ணில் ஒரு குதி குதித்துத் திசை மாறும். எடுத்தால் யாரும் பேச மாட்டார்கள். விட்டால் எரர், அதாவது பிழை, என்று பலகையில் எழுதுவார்கள். அந்த வேலைக்குப் புள்ளிவிவரம் தேடினால் கிடைப்பது இதுதான்.

அவருடைய ஆரம்பத்தைப் பாருங்கள். 1952இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். கான்சஸ் சிட்டி ராயல்ஸ் அணியின் முதலாளி யூவிங் காஃப்மன், மருந்துக் கம்பெனி நடத்திப் பணக்காரரானவர், 1970இல் ஃப்ளோரிடாவின் சரசோட்டாவில் ஒரு பேஸ்பால் பள்ளி ஆரம்பித்தார். கண்ணும் காலும் வேகமாக இருக்கிற பையனைக் கொடுங்கள், ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்து விடலாம் என்பது அவர் கட்சி. பழைய ஆட்கள் சிரித்தார்கள். ஆட்டம் ரத்தத்தில் இருக்க வேண்டுமாம்! செலவு தாங்கவில்லை என்று 1974இல் பள்ளியை மூடினார்கள். அங்கே படித்து வெளியே வந்தவர்களில் ஃபிராங்க் வைட் பந்து தடுப்பதில் சிறந்தவருக்குக் கொடுக்கும் கோல்ட் க்ளவ் விருதை எட்டு தடவை வாங்கினார். கான்சஸ் சிட்டி மைதானத்தைக் கட்டியபோது கட்டடக் கூலியாக வேலை பார்த்துவிட்டு அதே மைதானத்தில் ஆடியவர் அவர். இன்னொரு மாணவர் நம் வாஷிங்டன். 1977இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸுக்காகச் சில ஆட்டங்கள், அப்புறம் மறுபடி கீழ்நிலை லீக். மின்னசோட்டா ட்வின்ஸ் அணியில் நிலையாக இடம் கிடைத்தது 1981இல், வயது 29. அதாவது சொல்லிக்கொடுத்தால் வரும் என்ற நம்பிக்கையில் வார்க்கப்பட்ட ஆள் அவர். பள்ளியின் வரவு செலவில் இது எந்தப் பத்தியில் வரும்?

போதைப்பொருள் பற்றிக் கேட்டீர்கள். 2009இல் கொக்கெய்ன் சோதனையில் மாட்டினார், ராஜினாமா கொடுத்தார், அவர் மேனேஜராக இருந்த டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி ஏற்கவில்லை. தப்பு தப்புதான். 2011 தோல்வியையும் விடுங்கள். ஆறாவது ஆட்டத்தில் மட்டைக்காரன் இன்னும் ஒரு பந்தைத் தவறவிட்டால் போதும் என்கிற நிலையில், ஒரே ஒரு ஸ்ட்ரைக் தூரத்தில், இரண்டு முறை கோப்பை நழுவியது. அதில் எதிரணியின் முதல் அடி வலது வெளிவட்டத்தில், அங்கே நின்ற நெல்சன் க்ரூஸின் கைக்கு எட்டாமல் விழுந்தது. வாழ்நாளெல்லாம் உள்வட்டம் சொல்லிக்கொடுத்தவருக்கு வினை வெளிவட்டத்தில் இருந்திருக்கிறது. டெக்சாஸ்காரர்கள் ஆயுசுக்கும் அதைப் பேசிக்கொள்ளட்டும்.

நான் சொல்ல வந்தது முழங்கால் விஷயம். கோடிகளில் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரனை ஆட்டத்துக்கு முன்பு மண்ணில் முட்டி போட வைக்கிறார். கையில் வழக்கமான கையுறை கிடையாது. உள்ளங்கை அளவுக்கு ஒரு சின்னக் கையுறை, அல்லது தட்டையான ஒரு பட்டை. சில அடி தூரத்திலிருந்து பந்தை அவன் முன்னால் குதிக்க விடுகிறார். கால் இல்லை என்று ஆக்கிவிட்டதால் ஓடிப்போய்ச் சமாளிக்க முடியாது. கை முன்னால் போக வேண்டும், கீழிருந்து வர வேண்டும், பந்து பட்டதும் விறைக்காமல் உள்ளே வாங்க வேண்டும். நேராகக் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம், பின்கையால் கொஞ்சம். அதற்குப் பிறகுதான் எழுந்து நிற்க அனுமதி. அவரும் ஃபங்கோ என்கிற ஒல்லி மட்டையை எடுத்துத் தரையோடு பந்தடிப்பார். மறுநாள் மறுபடி முழங்கால்.

இதைப் பார்க்கும்போது எங்கள் ஊர் டைப்ரைட்டிங் மாஸ்டர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். தானே உட்கார்ந்து வேகமாக அடித்து நான் பார்த்ததில்லை. ஹையர் தேர்வை அவரே தட்டுத் தடுமாறித்தான் தாண்டினார் என்று பையன்கள் கிண்டல் செய்வோம். அறை முழுக்க மெஷின்கள் தடதடக்கும். அவர் ஜன்னலோரம் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "மூணாவது மெஷின், சுண்டு விரல் தூங்குது" என்பார். மூன்றாவது மெஷின் நான்தான். ஏ எழுத்து என் தாளில் மங்கலாகத்தான் விழுந்திருக்கும். ஏ எஸ் டி எஃப் வரிசையைத் தாண்ட விடாமல் என்னை அழ வைத்தார். அந்தக் காதை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. நன்றாக அடிக்கிறவனுக்கு அந்தக் காது எதற்கு? அவனுக்குத்தான் விரல் இருக்கிறதே.

உங்கள் ஓக்லண்டிலேயே சாட்சி இருக்கிறது, தம்பி. வாஷிங்டன் ஓக்லண்ட் அணியில் பயிற்சியாளராக இருந்த காலத்தில் மூன்றாம் பேஸில் எரிக் சாவேஸ் 2001 முதல் 2006 வரை ஆறு வருஷமும் கோல்ட் க்ளவ் வாங்கினார். அதில் ஒன்றைக் கையெழுத்துப் போட்டு வாஷிங்டனிடமே கொடுத்துவிட்டார். முழங்கை நரம்பு கெட்டுப்போன கேட்சர் (மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிப்பவர்) ஸ்காட் ஹட்டேபெர்க்கை 2002இல் முதல் பேஸில் நிற்கப் பழக்கியதும் இவர்தான். 2015 மே மாதம் திரும்ப அங்கே வந்தபோது கையில் கிடைத்தவர் மார்க்கஸ் செமியன். அந்த வருஷம் செமியன் செய்த எரர் 35, லீக்கிலேயே அதிகம். மறு வருஷம் 21. 2021இல் டொரான்டோவுக்காக இரண்டாம் பேஸில் கோல்ட் க்ளவ். அதே வருஷம் வாஷிங்டன் மூன்றாம் பேஸ் பயிற்சியாளராக இருந்த அட்லாண்டா அணி வேர்ல்ட் சீரிஸை ஜெயித்தது. கணக்குத்தான் வேண்டும் என்றால் இந்த 35ஐயும் 21ஐயும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே அவர் பெயரில் இருக்காது. அந்த வேலை அப்படித்தான். உங்கள் பெயரில் எதுவும் ஏறாது என்பது பொறுக்காதவர் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், பாவம், வருகிற பிள்ளைகளாவது தப்பிக்கட்டும்.

போகலாமா என்று கேட்டீர்கள் இல்லையா? நிறுவனத்திடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஒரு வகுப்பில் எத்தனை பேர்? நாற்பது பேரை உட்கார வைத்து ஸ்லைடு ஓட்டச் சொன்னால் போகாதீர்கள், அதற்கு உங்கள் அப்பாவின் பழமொழியே சரி. நாலைந்து பேர், தினமும், பக்கத்தில் உட்கார்ந்து என்றால் நாளைக்கே சேர்ந்துவிடுங்கள்.