பதில்: "தண்டம்"னு என்னையே திட்டிக்கிறேன்

தம்பி, தண்டையார்பேட்டையிலேர்ந்து பாரிமுனை கடைக்கு வேலைக்குப் போறீங்க, ஒரு பில்லில் சைபர் விட்டுப்போச்சு, அதிலேர்ந்து "நீயெல்லாம் தண்டம்"னு உள்ளுக்குள்ள ஓயாம கேக்குதுன்னு எழுதியிருந்தீங்க. அப்பா குரல் மாதிரியே இருக்குன்னும்.

"நான் ரொம்ப நல்லவன்"னு கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லாதீங்க, மனசு நம்பாது. நடந்ததை மட்டும் சொல்லுங்க: "ஒரு சைபர் விட்டேன். சாயங்காலமே முதலாளிகிட்ட சொல்லிட்டேன்." இதுல தண்டம் எங்க வந்துச்சு? 1960கள்ல ஆரோன் பெக்ங்கிற அமெரிக்க மனநல மருத்துவர் உருவாக்கின சிகிச்சையில இது முக்கியமான பயிற்சி: தோணுறதை எழுதி, ஆதாரம் இருக்கான்னு பாக்கிறது. பழைய பில் புக் பின்னட்டை போதும்.

உள்ளுக்குள்ள உங்ககிட்டயே பேசும்போது "நான்"னு இல்லாம உங்க பேரைச் சொல்லியே கூப்பிடுங்க. கொஞ்சம் தள்ளி நின்னு பாக்க வரும். பக்கத்துக் கடைப் பையன் இதே தப்பு பண்ணா என்ன சொல்வீங்க? "விடு மச்சி, டீ சாப்பிடலாம் வா"ன்னுதானே? அதே தொனிதான். மொதல்ல சிரிப்பா இருக்கும், பரவால்ல.

அப்பா குரல்ங்கிறது நாள்பட்ட சமாச்சாரம், சட்டுனு போகாது. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காம ரெண்டு வாரம் ஓடுச்சுன்னா ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்க, உங்களுக்குப் பக்கம்தான். ராத்திரியில தாங்கலேன்னா அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. இலவசம், தமிழ்லயே பேசலாம்.